கால் முறிந்த நட்சத்திரம்

எனக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. என் பங்கையும் சேர்த்து என் கணவர் வாங்கி வைத்திருக்கிறார்.

போன வருடமும் அவருக்கு நத்தார் இரவில் வேலை விழுந்தது. கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் அடுக்குமாடிக்கு எதிர்ப்புறம்தான் அவருடைய ஆஸ்பத்திரி. நோயாளரைத் தூக்கி இருத்துவது, உடம்பு துடைத்துவிடுவது அவர் வேலை. "எங்கட வாட்டு யன்னலாலை பாத்தா எங்கட பல்கனி தெரியும்," என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார். விட்டேனா நான்! கிறிஸ்மஸ் பூசைக்குத்தான் சேர்ந்து போக முடியாது, நின்ற இடத்தில் நின்றாவது மனுசன் தன் வீட்டு நட்சத்திரத்தைப் பார்க்கட்டும் என்று முடிவெடுத்தேன்.

வெள்ளை எல்இடி நியோன் பட்டி வாங்கினேன். பார்வைக்குக் கண்ணாடிக் குழாய், தொட்டால் ரப்பர், வளைத்தபடி வளையும்.

"பொறுமப்பா, ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. ரெண்டு பேருமாச் செய்வம்," என்றார்.

ஞாயிறு வரைக்கும் யார் காத்திருப்பது? அவர் வேலைக்குப் போன கையோடு மரச்சட்டத்தில் நட்சத்திரம் அடித்தேன். ஐந்து முனைக்கும் ஐந்து துண்டு. பட்டியில் குட்டிக் கத்தரிக்கோல் படம் போட்ட இடங்களில் மட்டும்தான் வெட்ட வேண்டும். நாலு துண்டை ஒழுங்காகவே வெட்டினேன். ஐந்தாவது கொஞ்சம் நீளம், அடையாளத்தில் வெட்டினால் கட்டை. ஒரு அங்குலத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று, மீன் வெட்டுகிற கத்தரிக்கோலால் நடுவில் ஒரு போடு போட்டேன். துண்டுகளை இணைக்கிற கிளிப்புகளை மாட்டி சுவிட்சைப் போட்டால் நாலு முனை ஜெகஜோதி. கீழ் இடது முனை செத்துக் கிடந்தது. கோபத்தில் அப்படியே கொண்டுபோய்ப் பல்கனியில் கட்டிவிட்டேன்.

பிரேக் நேரம் போன் வந்தது. எடுத்ததும் சிரிப்பு.

"என்னப்பா, நட்சத்திரத்துக்குக் கால் முறிஞ்சு போச்சோ? இஞ்சை கொண்டாரும், கட்டுப் போட்டு விடுவம்."

அதோடு விட்டாரா? நாள் தவறாமல் அதே போன், அதே கேள்வி: "காலுக்கு இப்ப எப்பிடி?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நத்தாருக்கு முதல்நாள் மதியம் புதுத் துண்டு வாங்கி, அடையாளத்தில் வெட்டி, கிளிப்பைப் பூட்டினேன். ஐந்து முனையும் எரிந்தது. அவருக்கு மூச்சுக் காட்டவில்லை. பார்த்து வாயைப் பொத்தட்டும்.

அன்றைக்குப் பின்னேரம் பனி கொட்டத் தொடங்கியது. நத்தாருக்குச் செய்த ரிச் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. இந்தமுறை சிரிப்பில்லை.

"கரண்ட் நிண்டு போச்சோ? யன்னலடியிலைதான் நிக்கிறன். எங்கட நட்சத்திரத்தைக் காணேல்லை."

"எரியுது, வடிவாப் பாருங்கோ."

"எதை எண்டு பாக்கிறது? எல்லாம் நட்சத்திரமாக் கிடக்கு. பனிக்குள்ளை மாடியும் எண்ணேலாமல் கிடக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் கட்டிடத்தில் பாதிப்பேர் பிலிப்பைன்ஸ் குடும்பங்கள். நத்தார் என்றால் பல்கனிக்குப் பல்கனி நட்சத்திரம் தொங்கும். நான் பாடுபட்டுத் திருத்தியது அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகிவிட்டது.

"சரியப்பா, பிரேக் முடியுது. உள்ளுக்குப் போகவேணும்," என்றார்.

"போனை வையாதேங்கோ! அப்பிடியே நில்லுங்கோ!"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வீட்டுச் செருப்போடு பல்கனிக்கு ஓடினேன். குளிரில் அந்தப் புதுத் துண்டின் கிளிப் இறுகிக்கொண்டு வரமாட்டேன் என்றது. திட்டித் திட்டி இழுத்தேன். படக்கென்று கழன்றது. கீழ் இடது முனை அணைந்தது.

"அந்தா!" காது கிழியக் கத்தினார். "அந்தா எங்கட வீடு!"

வாட்டில் யாரோ பிரெஞ்சில் அதட்டுவது கேட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவருக்கு எங்கே தெரியப் போகிறது என்று நினைத்தாலும், ஆஸ்பத்திரிப் பக்கம் பார்த்துக் கையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன்.

"ஆட்டினது போதும்," என்றார் போனில். "உள்ளுக்குப் போய் ஜாக்கெட்டைப் போடும்."