காயப்போடத் துணி

நேற்று விருத்தாசலத்தில் திடீரென்று கோடை மழை. பீங்கான் பட்டறையில் என்னோடு வேலை செய்யும் செல்வி, "இங்க போட்டா சீக்கிரம் காஞ்சிடும்க்கா" என்று நனைந்த துப்பட்டாவைச் சூளைச் சுவரோரம் விரித்தாள். ஈர நூல் சூடேறும் அந்த வாசனையில் எனக்கு மலை ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

நான் வளர்ந்த தேயிலை ஊரில் மழை தொடங்கினால் மாதக்கணக்கில் வெயில் கிடையாது. தகரக் கூரை ஓயாமல் பேசிக்கொண்டிருக்க, தலையணையிலிருந்து உப்பு வரை எல்லாம் நசநசத்துக் கிடக்கும். அப்பாவுக்கு ஃபேக்டரியில் இலை உலர்த்தும் எந்திரத்தருகே ராத்திரி வேலை. என் யூனிஃபார்மை அம்மா பிழிந்து சுருட்டித் தர, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூடுபனிக்குள் போவார்; விடிந்ததும் அந்தச் சுருட்டல் வெதுவெதுப்பாகத் திரும்பி வரும். மற்றப் பிள்ளைகளின் சட்டையில் அடுப்புப் புகை அடிக்கும், என் சட்டையில் புதுத் தேயிலை மணக்கும்.

ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். மலையிறங்கி இந்த ஊருக்கு வந்தோம், அப்பாவுக்குச் சூளையில் ராத்திரி வேலை கிடைத்தது. இங்கே துணியைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் மொறமொறவென்று காய்ந்துவிடும். முதல் நாள் சாயங்காலம் கிளம்பியவர், வாசலில் நின்று பழக்கத்தில் கேட்டார்:

"காயப்போடத் துணி எதுனா இருக்குதா?"

கேட்ட பிறகுதான் வெளியே காயும் வெயிலைப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது.

அம்மா கொடியில் காய்ந்து கிடந்த என் சட்டையை உருவி, வாளியில் முக்கிப் பிழிந்து, சுருட்டி நீட்டினாள்.

"இந்தாங்க. காலைல புள்ள போட்டுக்கணும்."