நாளைக்குச் சொல்லுதேன்

அந்த வெள்ளிக்கிழமை நான் வழக்கத்தைவிட முக்கால் மணி நேரம் முன்பே கிளம்பிவிட்டேன். ஜெபமணி அண்ணாச்சியிடம் ஒரு பதில் வாங்க வேண்டியிருந்தது. ஸ்கூட்டரை வீட்டு வாசலில் இறக்கும்போது மேனேஜர் போனில் கூப்பிட்டார். "செண்பகம், நம்ம அண்ணாச்சி போயிட்டாக. விடியக்காலம் நெஞ்சு வலின்னாகளாம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிட்டு." என் வாயில் முதலில் வந்த வார்த்தை என்ன தெரியுமா? "அப்போ எனக்குப் பதில்?" மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவருக்கு அஞ்சலி எழுத உட்கார்ந்துவிட்டு என் முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டிருந்தால் அவருக்கே பிடிக்காது.

துறைமுகச் சாலையில் இருக்கும் நம் கிளியரிங் ஆபீசில், கப்பல் சரக்குக்கான தாள்களைச் சரிபார்க்கும் மேஜைகளில், அவரும் நானும் பத்தொன்பது வருஷம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். இந்த நினைவு மலரைப் படிக்கிறவர்களில் பாதிப் பேராவது அவரோடு டீ குடித்தவர்கள்தான். ஆகவே அந்தச் சட்டம் உங்களுக்குத் தெரியும். பதினொரு மணி டீக்கு அவர் ஏதாவது ஓர் அபிப்பிராயம் சொல்வார். உடனே மறுத்துப் பேசக் கூடாது. நாலு மணி டீக்குத்தான் நம் முறை. அதற்கு அவருடைய பதில் அன்றைக்குக் கிடைக்கவே கிடைக்காது. "சூட்டோட பேசுனா வாய்தான் பேசும், மனுசன் பேச மாட்டான். நாளைக்குச் சொல்லுதேன்" என்று கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விடுவார்.

அபிப்பிராயம் இல்லாத விஷயமே அவருக்குக் கிடையாது. கவுன்சிலர் தேர்தல் வந்தபோது ஓட்டுக் கேட்டு வந்தவரை டீக்கடையிலேயே மடக்கினார். "நம்ம வார்டுல எத்தனை நாளைக்கு ஒருக்க தண்ணி வருது?" வந்தவர், "பாத்துச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்றார். அவர் போனதும் எங்களிடம், "பாத்துச் சொல்லுதானாம்! அவன் வீட்டுல போர் போட்டிருக்கான்னு அர்த்தம்" என்றார். தேர்தல் அறிக்கைகளைக் கப்பல் வரும் தேதியோடு சேர்த்துப் பேசுவார். "தாள்ல போட்டுத்தான் இருக்கும். கப்பல் கண்ணுக்குத் தெரியட்டும், அப்புறம் லாரிக்குச் சொல்லுவோம்." இத்தனை பேசியவர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று அவர் மனைவி ரூபி அக்காவுக்குக்கூடத் தெரியாது.

சென்னையிலிருந்து வந்த ஓர் அதிகாரி ஒருமுறை கொற்கையின் பெருமையை அரை மணி நேரம் எங்களுக்கு விளக்கினார். பாண்டியர் முத்து, யவனர் கப்பல் என்று எல்லாம் சொன்னார். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார். "ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி அங்கன கப்பல் வந்தது எல்லாத்துக்கும் தெரியுது சார். இன்னைக்கு அங்கன கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. எனக்கு அதுதான் வருத்தம்." அந்த அதிகாரி சிரித்தாரே தவிர, கோபப்படவில்லை.

நம் ஊர் முந்திரி இனிப்பான மக்ரூன் விஷயத்தில் அவர் சொன்னதை இந்த ஊரில் மறுக்க ஆள் இல்லை. "வெளியூருக்கு மக்ரூன் வாங்கிட்டுப் போறவன் பாசத்துல போறான். நம்ம ஊருக்குள்ளேயே வீட்டுக்கு வாங்கிட்டுப் போறவன் சண்டை போட்டுட்டுப் போறான்." நான் பார்த்தவரை மாதம் ஒரு பொட்டலம் அவருடைய பையிலும் இருக்கும்.

எல்லாமே சரியான அபிப்பிராயம் என்று சொல்ல வரவில்லை. நான் ஸ்கூட்டர் வாங்கிய வாரம், பெண்கள் வண்டி ஓட்டுவதைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு மணிக்கு, "உங்க வண்டி ஸ்டார்ட் ஆகாம நிக்கும்போதெல்லாம் பின்னாடி நின்னு தள்ளுனது எந்த ஆம்பள அண்ணாச்சி?" என்று கேட்டேன். வழக்கம்போலக் கிளாஸைக் கவிழ்த்தார். மறுநாள் காலை நேராக என் மேஜைக்கு வந்து நின்றார். "நேத்து நான் சொன்னது தப்பு ளா. ரோசிச்சுப் பாத்தேன். சாயங்காலம் என்னைய மில்லர்புரத்துல வீட்டு வாசல்ல இறக்கிவிடுதியா?" தப்பு என்பதை இப்படி முழுசாகச் சொல்லிவிடும் மனிதரை நான் அதிகம் பார்த்ததில்லை.

தொழிலில் ஒரே ஒரு பிடிவாதம். எந்த நகலும் எதற்கு என்று எழுதாமல் அவர் கையை விட்டுப் போகாது. குறுக்கே ஒரு கோடு இழுத்து, இன்ன வேலைக்கு மட்டும் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போடுவார். "எதுக்குன்னு எழுதாத ஜெராக்ஸ் எதுக்கு வேணாலும் போகும்" என்பார். என் மகனின் பாஸ்போர்ட் நகலைக்கூடப் பிடுங்கி எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், மனைவியை இழந்த நம் ஆபீஸ்காரர் ஒருவர் ஐம்பத்தொரு வயதில் மறுமணம் செய்துகொண்டு லட்டு கொண்டுவந்தார். அண்ணாச்சி லட்டை முழுசாகத் தின்றார். லட்டு கொடுத்தவர் அந்தப் பக்கம் போனதும், "பேரன் எடுக்குத வயசுல மாலையும் கழுத்துமா நிக்கதுக்குக் கூச்சமா இருக்காதா? எனக்கு இது பிடிக்கலே" என்றார். என் வீட்டுக்காரர் இறந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அன்று நாலு மணி டீக்கு நான் போகவில்லை. தலைவலி என்று சொல்லி மேஜையிலேயே உட்கார்ந்திருந்தேன். அவருடைய அபிப்பிராயங்களில் நான் பதில் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான்.

அவர் போவதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை, நாலு மணி டீக்குச் சொன்னேன். "அண்ணாச்சி, நான் கல்யாணம் பண்ணப் போறேன்" என்றேன். அவர் கையில் டீ கிளாஸ் அப்படியே நின்றது.

"யாரு?"

"கயத்தாறுல ஹைஸ்கூல் வாத்தியார். அவுக சம்சாரம் தவறி ஆறு வருசமாச்சு. உங்க ஆளுதான், கிறிஸ்தவ வேதக்காரர்."

"உங்க அண்ணன் என்ன சொல்லுதாரு?"

"ரிஜிஸ்தர் ஆபீஸ் படி ஏறுனா தங்கச்சி இல்லேன்னு சொல்லியாச்சு. மகன் தோஹாவுல இருந்து 'நல்லா இரும்மா'ன்னான். அவனுக்கு லீவு கிடைக்காது. சாட்சி மூணு பேரு வேணும். அவுக பக்கம் ரெண்டு பேரு இருக்காங்க. என் பக்கம் ஒருத்தரும் இல்ல. நீங்க வருவீங்களா?"

அவர் கடைக்கு வெளியே, வரிசையில் நின்ற கன்டெய்னர் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சர்ச் சபையில் கமிட்டி மெம்பர். சபைக்கு வெளியே நடக்கிற இப்படி ஒரு கல்யாணத்துக்குச் சாட்சி நின்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அது எனக்கும் தெரியும்.

"நாளைக்குச் சொல்லுதேன்" என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "இதுக்குமா நாளைக்கு?"

"இதுக்குத்தாம்ளா நாளைக்கு."

டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார். பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக, நாலரைக்கே பையை எடுத்துக்கொண்டு ஆபீசை விட்டுப் போனார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோபத்தில் போகிறார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் அந்த போன் வந்தபிறகு, நான் சொன்னதைத் தாங்காமல்தான் அந்த நெஞ்சு நின்றதோ என்றும் நினைத்தேன். கல்லறைத் தோட்டத்தில் மண் போடும்போது ரூபி அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கல்யாணமே வேண்டாம் என்று கயத்தாறுக்குச் சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது.

பத்து நாள் கழித்து, அவர் மேஜையிலிருந்த கண்ணாடியையும் பிளாஸ்க்கையும் கொடுக்க மில்லர்புரம் போனேன். ரூபி அக்கா என்னை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளேயிருந்து ஒரு கவரைக் கொண்டுவந்தார்.

"ஏளா செண்பகம், இது அவுக பையில இருந்துச்சு. அன்னைக்கு வீட்டுக்கு வரும்போது கையில மக்ரூன் பொட்டலம். யார்கிட்ட சண்டைன்னு கேட்டேன். 'எங்கூடவேதான். எட்டு வருசத்துக்கு முந்தி ஒரு கிறுக்குத்தனம் பேசியிருக்கேன்'னாக. ஒரு கல்யாணத்துக்குச் சாட்சி சொல்லப் போகணும், நல்ல சட்டையாத் தேய்ச்சு வையின்னாக. யாரு கல்யாணம்னு கேட்டா, நாளைக்குச் சொல்லுதேன்னுட்டாக."

கவருக்குள் பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்கள் இருந்தன. ஆதார் அட்டையின் மூன்று நகல்களும் இருந்தன. ஒவ்வொன்றிலும் குறுக்கே ஒரு கோடு. அதன்மேல் அவருடைய சாய்ந்த எழுத்தில், "செண்பகம் திருமணத்துக்குச் சாட்சி சொல்ல மட்டும்." கீழே கையெழுத்து. அதற்கும் கீழே தேதி. வியாழக்கிழமைத் தேதி. எந்தப் பதிலையும் மறுநாளைக்குத் தள்ளிவைக்கிற மனிதர், டீக்கடையிலிருந்து எழுந்து நேராக ஸ்டூடியோவுக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் போயிருக்கிறார். நான் அந்த நாற்காலியிலேயே தலையில் கை வைத்துக்கொண்டு அழுதேன். ரூபி அக்கா தடுக்கவில்லை. அழுது முடியும்வரை காத்திருந்துவிட்டு, "அவுக கையெழுத்து இனிச் செல்லாது. என் கையெழுத்து செல்லும்லா?" என்று கேட்டார்.

அடுத்த மாதம் கல்யாணம். ரூபி அக்கா வருகிறார். இதை எழுதியதால் ஆபீசுக்கே தெரிந்துவிட்டது. தெரியட்டும். அபிப்பிராயம் இருக்கிறவர்கள் பதினொரு மணிக்குச் சொல்லுங்கள், நான் நாலு மணிக்கு வருகிறேன்.

அவருடைய கண்ணாடியையும் பிளாஸ்க்கையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த மூன்று நகல்களில் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். ரிஜிஸ்தர் ஆபீசில் அது செல்லாது. வேறு எங்கேயும் அதைக் கொடுக்கவும் முடியாது. எதற்கு என்றுதான் அவர் எழுதிவிட்டாரே.