லவுஞ்சு வாசலில் மோகனூர் மாமன்

தினமும் காலை பத்து மணிக்கு நான் ஒரு வாளி முட்டையைக் குப்பையில் கொட்டுகிறேன். அவித்து, உரித்து, வெள்ளைத் தட்டில் அடுக்கி, மேலே ஒரு பச்சைத் தழையும் வைத்த முட்டை. ஒருத்தரும் தொட்டிருக்க மாட்டார்கள். நாமக்கல் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் வீட்டில் பிறந்தவன் நான். கீறல் விழுந்த முட்டையைக்கூட எங்கள் அம்மா வீணாக விட்டதில்லை. இங்கே லண்டன் விமான நிலையத்தில், கறுப்புக் கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு முட்டை கொட்டுகிற பிழைப்பு. அதில் ஒன்றை எடுத்து வாயில் போட்டால் வேலை போய்விடும். கொட்டலாம், தின்னக் கூடாது. என்ன கருமம் பிடித்த சட்டமோ!

லவுஞ்சு என்றால் என்னவென்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். விமானத்துக்குக் காத்திருக்கும் கூட்டம் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் கிடக்கும். முதல் வகுப்பு டிக்கெட்காரர்களும், விமானக் கம்பெனிக்கு வருடச் சந்தா கட்டி உறுப்பினர் கார்டு வைத்திருப்பவர்களும் மாடிக்கு வருவார்கள். மெத்தை சோபா, ஓசிப் பத்திரிகை, ஓசி விஸ்கி, குளிக்க வெந்நீர், கால் நீட்ட இடம். இத்தனைக்கும் அவர்கள் இருக்கப்போவது ஒரு மணி நேரம். அதற்குள் அவர்கள் செய்கிற அசிங்கத்தை எழுதினால் காகிதம் நாறும். ஷூக் காலைத் தூக்கிச் சோபா மேல் போடுவார்கள். பாதி கடித்த மீன் ரொட்டியைப் பூந்தொட்டிக்குள் செருகுவார்கள். ஒரு பெரிய மனுஷர் காலை ஏழு மணிக்கே குடித்துவிட்டுக் கம்பளத்தில் வாந்தி எடுத்தார். நான் மண்டி போட்டுத் துடைத்தபோது, படித்துக்கொண்டிருந்த பத்திரிகையை இறக்காமல் காலை மட்டும் தூக்கி வழிவிட்டார். தூ!

வாந்தி துடைப்பதுகூடப் பரவாயில்லை. வாசலில் நிற்கிற வேலைதான் கேவலம். வருகிறவர் முகத்தைப் பார்க்கும் முன்னே கார்டைப் பார்க்க வேண்டும். கார்டு இருந்தால் சிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் படிக்கட்டுப் பக்கம் கை காட்ட வேண்டும். எங்கள் பக்கத்தில், வந்த மனுஷரை "வாங்க" என்று ஒரு வார்த்தை கேட்காமல் விட்டால் போதும், அந்த உறவே அறுந்துவிடும். பிறகு நல்லது கெட்டதுக்குக்கூட வர மாட்டார்கள். என் அம்மாவின் அண்ணன், மோகனூர் மாமன், அந்த ஒரு வார்த்தைக்காகக் கல்யாணப் பந்தியில் உட்காராமல் எழுந்து போனவர். காவிரித் தண்ணீரில் கரும்பு விளைவித்துச் சர்க்கரை ஆலைக்கு வெட்டி அனுப்புகிறவர். ஊரிடம் மீசையை முறுக்குவார், என்னிடம் மட்டும் குழைந்துபோவார். அவர் வீட்டில் தங்கித்தான் நான் பள்ளிக்கூடம் படித்தேன். சாயங்காலம் புழக்கடை வழியாக நுழைந்து நேரே அடுப்படிக்குப் போவேன். "வந்தியா சாமி, சோத்தப் போட்டுத் தின்னு" என்பார். என்னை அந்த வீட்டில் ஒருநாளும் யாரும் "வாங்க" என்று கேட்டதில்லை. கேட்டால்தான் தப்பு. நான் வீட்டுப் பிள்ளை.

என் வாய்க்கொழுப்பைச் சொல்ல வேண்டும். ஊருக்கு எழுதிய கடிதங்களில் இந்த இடத்தை 'விருந்தினர் அறை' என்றும், அதற்கு நான்தான் பொறுப்பு என்றும் அளந்துவிட்டேன். கோட்டுப் போட்ட போட்டோ வேறு. வாளியையும் துடைப்பத்தையும் எழுதவில்லை. ஏன், அயல்நாட்டில் இருக்கிற நீங்கள் எழுதியிருக்கிறீர்களா? அந்தச் சமயத்தில் மாமனின் மகளுக்கு அமெரிக்காவில் பிரசவம் ஆகியிருந்தது. பேரனைப் பார்க்க மாமன் தனியாகப் புறப்பட்டார். லண்டனில் விமானம் மாற ஏழு மணி நேரம். "உங்கிட்டத்தான் வருவாரு, பாத்துக்க" என்று அம்மா போட்ட கடிதம், அவர் வந்து போன நாலாம் நாள்தான் என் கையில் கிடைத்தது.

அன்று காலை அவர் படியேறி வந்தார். வேட்டி, அதன் மேல் யாரிடமோ இரவல் வாங்கிய தொளதொளத்த கம்பளிக் கோட்டு, கையில் ஒயர்கூடை. குளிரில் உதடு வெடித்திருந்தது. என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. என் பக்கத்தில் மேற்பார்வையாளர் மார்கரெட் நின்றிருந்தாள். மாமனுக்குப் பின்னால் கார்டை நீட்டியபடி இரண்டு பேர். அதில் ஒருவர் வேட்டியையும் கூடையையும் பார்த்து மூக்கைச் சுருக்கினார். அந்த மூக்கைப் பார்த்ததும் எனக்கு என்ன பேய் பிடித்ததோ.

"கார்ட் ப்ளீஸ், சார்," என்றேன்.

நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார். "நாந்தாஞ் சாமி. அந்த ஏரோப்ளேன்ல ஒண்ணும் வாயில வெக்க முடியல. உம்பட ரூம்புல செத்த நேரம் கால நீட்டிக்கறேன்."

மார்கரெட் என் பக்கம் திரும்பினாள். உனக்கு இவரைத் தெரியுமா என்று கேட்டாள்.

"நோ," என்றேன்.

மாமனுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் அந்த ஒரு சொல் யாருக்குத்தான் தெரியாது? சிரிப்பு முகத்திலேயே நின்றுபோயிற்று. கூடையைக் கை மாற்றிக்கொண்டார். "செரீங்க," என்றார், என்னைப் பார்த்து. கம்பியைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கினார்.

பத்து மணிக்கு வழக்கம்போல முட்டையைக் கொட்டினேன். கீழே ஒரு மனுஷர் பசியோடு உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்துதான் கொட்டினேன். அவர் முகத்தில் விழிக்க வெட்கமாக இருந்தது, போகவில்லை. மதியம் மார்கரெட்டே பேச்சை எடுத்தாள். "அந்தப் பெரியவர் பாவம். உன் சொந்தக்காரராக இருந்திருந்தால் நானே கையெழுத்துப் போட்டு உள்ளே விட்டிருப்பேன். என் அப்பாவை அப்படித்தான் உட்கார வைத்தேன்." வெள்ளைக்காரி மேல் பழி போடவும் வழியில்லை. கீழே ஓடினேன். அமெரிக்க விமானம் போய்விட்டிருந்தது.

மூன்று மாதம் கழித்து அம்மாவிடமிருந்து கடிதம். மாமன் ஊர் திரும்பி எல்லார் முன்னாலும் அம்மாவிடம் சொன்னாராம்: "உம்பட மகன் மெத்தைல படுக்க வெச்சு, சுடச்சுடச் சோறு போட்டு, ஏரோப்ளேன் வரைக்கும் கூட வந்து ஏத்தி உட்டான்." அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. யார் வெளிநாடு போனாலும் என்னைப் போய்ப் பார்க்கச் சொல்கிறாளாம். அவர் நாலு பேர் முன்னால் என்னைக் காறித் துப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தக் கடிதத்தை என்னால் இரண்டாவது முறை படிக்க முடியவில்லை.

அடுத்த வருடம் விடுமுறையில் மோகனூர் போனேன். காலில் விழுந்துவிடுவது என்று தீர்மானித்துத்தான் போனேன். பழைய பழக்கத்தில் கால் புழக்கடைப் பக்கம் திரும்பியது. மாமன் முன்பக்கமிருந்து வேகமாக வந்தார்.

"அந்தப் பக்கம் எதுக்குங்க? இப்படி வாங்க, வாங்க."

வாசலில், வேப்ப நிழலில், புது நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். துண்டால் தட்டிவிட்டார். சொம்பில் தண்ணீர் வந்தது. அன்றைய பத்திரிகையையும் கொடுத்தார்.

"மாமா, அன்னைக்கு ஏர்போட்ல நான்..."

"அதெல்லாம் எதுக்குங்க இப்ப? காத்தாட உக்காருங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அடுப்படியில் அத்தை ஏதோ தாளிக்கிற வாசம் வந்தது. கொஞ்ச நேரத்தில் பலகாரமும் காப்பியும் வாசலுக்கே வந்தன. எதிலும் குறை வைக்கவில்லை. "உள்ள வா" என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. நான் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு, விமானத்துக்குக் காத்திருப்பவனைப் போல, அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.