மல்லிகைக் கடையின் கிழட்டுக் கம்ப்யூட்டர்

"இந்தப் பொட்டிய இன்னைக்கே பழைய இரும்புக்குப் போடுறேன்!" என்று கண்ணுசாமி கத்தியபோது, தராசுக்குப் பக்கத்தில் கன்னிவாடி மல்லிகை மூட்டைகள் குவிந்து கிடந்தன. வெயில் ஏறினால் மொட்டு விரிந்துவிடும். விரிந்த பூவை யாரும் சீந்தமாட்டார்கள்.

திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் அவருடைய கமிஷன் கடைக்கு எடைச்சீட்டு அடித்துக் கொடுப்பவள் மணிமேகலை. பொட்டி போனால் சீட்டு மறுபடி கையெழுத்துக்குத் திரும்பும். அதற்கு அவர் மச்சினன் இருக்கிறான். மணிமேகலை வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

பழுது பார்க்க வந்த பேகம்பூர் நுஸைபா திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அத்தாவின் தோல் கடையில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டரைப் பிரித்துப் பிரித்தே தொழில் கற்றவள். புதுசு வாங்கச் சொல்ல அவளுக்கு வாய் வராது. இந்தக் கிழட்டு மெஷினில் புது விண்டோஸ் மூச்சு வாங்கியது. பழைய விண்டோஸோ யாரோ செருகிய பென்டிரைவிலிருந்து வைரஸைப் பிடித்துக்கொண்டது. கடைசியில் விண்டோஸுக்குப் பதிலாக இலேசான லினக்ஸ் ஒன்றைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தாள். தராசின் எடை திரையில் வந்தது, சீட்டும் அடித்தது. ஆயுத பூஜைக்கு முன்பு அதையே நிலையாக ஏற்றிவிட்டாள். "புதுசு வேணாம்ண்ணே, இது இன்னும் அஞ்சு வருசம் ஓடும்" என்று வாக்கும் கொடுத்துவிட்டாள்.

இப்போதோ, திறந்ததும் குதிரையாய் ஓடுகிறது. பத்து மூட்டை தாண்டுவதற்குள் நொண்டி நின்றுவிடுகிறது.

"ஊரு பூராம் விண்டோசு வச்சிருக்கான். நமக்கு மட்டும் தனி வழியா?"

"செத்த நேரம் பொறுங்கண்ணே."

"நான் பொறுப்பேன். பூ பொறுக்குமா தாயி?"

மணிமேகலை குனிந்து கிசுகிசுத்தாள். "பேசாம பழசையே ஏத்திரு நுஸைபா. என் பொழப்புல மண்ணு விழுந்துரும்."

நுஸைபாவின் கை பென்டிரைவுக்குப் போனது. தான் தேர்ந்தெடுத்ததுதான் தப்போ? ஆனால் லினக்ஸ் இதற்குச் சுமையென்றால் முதல் மூட்டையிலேயே அல்லவா திணறியிருக்கும்?

பொட்டியின் முதுகைத் தொட்டாள். தோசைக்கல்லாய்ச் சுட்டது. பின்பக்க விசிறியிலிருந்து காற்றே இல்லை.

கரண்டை நிறுத்திவிட்டுத் திருப்புளியால் தகட்டைக் கழற்றினாள். விசிறி இறக்கைகளைச் சுற்றிக் காய்ந்த வாழைநார். அதில் கருகிய சாமந்தி. பூஜை மாலை நழுவாமலிருக்க அதன் நுனியைப் பின்னால் இருந்த ஓட்டையில் செருகியது யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. மணிமேகலையின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

நுஸைபா நாரை உருவி எடுத்து, விசிறியை விரலால் சுற்றிவிட்டு, தகட்டை மூடிக் கரண்டை மறுபடி போட்டாள். மூட்டைகள் தராசில் ஏறி இறங்கின. பத்தாவது தாண்டியது. சீட்டு விடாமல் வந்துகொண்டே இருந்தது.

"என்ன சீக்கும்மா அதுக்கு?" கண்ணுசாமி எட்டிப் பார்த்தார்.

நார் சுருண்டிருந்த கையை நுஸைபா துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். "தூசிண்ணே. சூடாயிருச்சு."

"அப்ப இரும்புக்கடைக்காரன வரவேணாம்னு சொல்லிரு" என்று மணிமேகலையிடம் சொல்லிவிட்டு அவர் தராசுப் பக்கம் திரும்பினார்.

நுஸைபா பையை மாட்டிக்கொண்டாள். "அடுத்த பூசைக்கு மாலைய திரைக்குப் போடுக்கா" என்றாள் மெதுவாக. "பொட்டிக்குப் பொட்டு மட்டும் போதும்."