இரண்டு வாசல் வைத்த சுரங்கம்

பத்து வயதில் நான் ஒரு வெள்ளிச் சுரங்கத்துக்கு முதலாளியாக இருந்தேன். சுரங்கம் லண்டன் குட்மேய்ஸில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தது. முன்னொரு காலத்தில் மலையைக் குடைந்து வெள்ளி எடுத்தவர்கள் அந்தத் தொழிலை எப்படி நடத்தினார்கள் என்று வகுப்பில் படித்துக்கொண்டிருந்தோம். ஆளுக்கொரு மலை செய்து கொண்டுவந்து, அதை எப்படி நடத்துவோம் என்று எல்லார் முன்னாலும் சொல்லவேண்டும். சிறந்த சுரங்கம் பள்ளி மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். அந்தப் பெட்டியை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

அப்பாவின் கடையிலிருந்து வந்த அட்டைப்பெட்டிகள்மேல் கோதுமை மாப் பசை தடவி, பழைய பேப்பரை ஒட்டி மலையை எழுப்பினேன். பொம்மை மனிதர்களை வேலைக்கு வைத்தேன். ஒருவனுக்கு மெழுகுதிரிப் பொறுப்பு, இன்னொருவனுக்கு வண்டி. மூன்றாமவன் வாசலில் நின்று, வெளியே வருகிறவர்களின் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பான். வாசல் ஒன்றே ஒன்றுதான். அது அப்பாவின் யோசனை.

"ஒரு வாசல் போதும். அதுக்குப் பக்கத்தில நீ நில். அப்பத்தான் களவு போகாது" என்றார். அவருடைய கடையும் அப்படித்தான் நடந்தது.

அம்மாவின் தங்கை, என் சித்தி, அப்போதுதான் இலங்கையில், வன்னியிலிருந்து வந்து எங்கள் சின்ன அறையில் தங்கியிருந்தார். சித்தப்பாவும் அவர்களுடைய மகனும் பிறகு வருவார்கள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். என்னைவிடச் சின்னவன், ஆகவே எனக்குத் தம்பி. சித்தி அதிகம் பேசமாட்டார். எதைக் கேட்டாலும் இரண்டு தரம் கேட்டால்தான் ஓம் என்று ஒரு பதில் வரும். அப்படிப்பட்டவர் ஒருநாள் தேத்தண்ணிக் கோப்பையோடு என் மலையைச் சுற்றி வந்து நின்றார்.

"மற்ற வாசல் எங்க?"

"ஒண்டுதான், சித்தி."

"ஒண்டு காணாது."

கோப்பையை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்க் கத்தியோடு வந்தார். மலையின் பின்பக்கத்தில் ஓட்டை விழுந்தது. நான் வீடு இடியக் கத்தினேன். அப்பா என் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னார். பேப்பரும் பசையுமாக ஓட்டையை அடைத்தேன். மறுநாள் பள்ளியால் வந்து பார்த்தால் அது திறந்திருந்தது. போதாததற்கு, கூரை விழாமல் ஐஸ்கிரீம் குச்சிகளால் முட்டும் கொடுத்திருந்தது. மறுபடி அடைத்தேன். மறுபடி திறந்தார். நான் பிடிவாதக்காரி என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும், ஆனால் சித்தி என்னையும் வென்றுவிடுவார் போலிருந்தது.

கடைசியில் அம்மாவிடம் முறையிட்டேன். "விடு பிள்ளை. அவ வைக்கட்டும்" என்றார் அம்மா. பிறகு குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றார். கழுவ ஒரு பாத்திரமும் இருக்கவில்லை. நியாயம் கேட்டு வந்த எனக்கு ஆத்திரமாக இருந்தது.

இரண்டு வாசலோடுதான் மலை பள்ளிக்குப் போனது. முதலாளி தோற்றதாகக் காட்டிக்கொள்ளலாமா? பின்வாசலுக்கும் ஒரு காவல்காரனை நிறுத்தியிருந்தேன். ஆசிரியை அந்த வாசலைத்தான் கேட்டார். சித்தி அடம்பிடித்தார் என்றேன். அந்தக் காலத்தில் பல சுரங்கங்களுக்கு ஒரு வழிதான் இருந்ததென்றும், அது இடிந்து மூடினால் உள்ளே போனவர்கள் வெளியே வரவே முடியாதென்றும் அவர் விளக்கினார். கண்ணாடிப் பெட்டி எனக்குத்தான் கிடைத்தது. எங்கள் சித்தி ஊரில் சுரங்கம் நடத்தியவர் என்று நான் வகுப்புக்கே அறிவித்தேன்.

வீட்டுக்கு ஓடிவந்தேன். சித்தி பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார்.

"சித்தி, நீங்க ஊரில சுரங்கம் வைச்சிருந்தனீங்களோ?"

இரண்டாம் தரமும் கேட்டேன்.

"ஓம். வளவுக்குள்ள வெட்டினனாங்கள்."

"உள்ளுக்க ஆர் ஆர்?"

"சித்தப்பா, தம்பி, நான்."

"எத்தினை வாசல்?"

"ஒண்டு."

"அதுக்குள்ளயிருந்து என்ன வந்தது?"

கையிலிருந்த காயை முறித்து முடித்தார்.

"நான் வந்தன்."

எனக்குப் பெரிய ஏமாற்றம். ஷெல்லடிக்குப் பயந்து வீட்டு வளவுக்குள் வெட்டும் பங்கர்க் குழியைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. வெள்ளியும் இல்லை, கரியும் இல்லை, இவர்களுக்குத் தொழில் நடத்தத் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். ஆனாலும் சித்தியின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"தம்பி வரட்டும், சித்தி. ரெண்டு வாசல் வைச்சு எப்பிடி நடத்துறது எண்டு நான் அவனுக்குக் காட்டிக் குடுக்கிறன்" என்றேன்.

சித்தி ஓம் என்றார். அதை மட்டும் இரண்டு தரம் கேட்கவேண்டி இருக்கவில்லை.