யாரும் பயன்படுத்தாத மணி

திருஞானசம்பந்தத்துக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பிள்ளையார்பாளையத்தில் அவர் வீட்டார் எல்லாரும் தறியில் உட்கார, அவர் மட்டும் சென்னைக்குப் போய் டெலிபோன் ஆபரேட்டர் பயிற்சி முடித்து வந்தார். ஓரிக்கை ரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் பத்தொன்பது வருடமாக அவர்தான் ஆபரேட்டர். உள்ளேயிருந்து டாக்டர் கூப்பிட்டால் "சொல்லுங்க சார்" என்பார். வெளியாள் என்றால் மருத்துவமனையின் பெயரைச் சொல்வார். ஒருநாளும் மாறியதில்லை. நர்ஸுகள் அவருக்கு நெற்றியில் மூன்றாவது கண் என்பார்கள்.

2006இல் அங்கே பழைய எக்ஸ்சேஞ்சை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் ஓடும் இலவச டெலிபோன் மென்பொருளை வைத்துக் கொடுத்தவன் நான். எங்கள் வம்சத்தில் முதல் பட்டதாரி. அந்தப் பெருமை நடையிலேயே தெரியும். மென்பொருளை எழுதுகிறவர்கள் பல தேசங்களில் இருந்தார்கள். எதைச் சேர்த்தோம், எதை எடுத்தோம் என்று வாராவாரம் மடல் அனுப்புவார்கள். சேர்த்ததை மட்டும் நான் படிப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுப் பதிப்பை ஏற்றினேன். திங்களன்று இரண்டு அழைப்புகள் சேர்ந்து வந்தன. சம்பந்தம் அண்ணன் முதலில் எடுத்தது உள்ளே கேன்டீனிலிருந்து வந்தது. காத்திருந்தது ஒரு விபத்துச் செய்தி. அடிபட்டவரை வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த வாரமே மேலாளர் தேவராஜன் வேறு ஆள் தேட ஆரம்பித்தார்.

காரணத்தை அண்ணன் யாரிடமும் சொல்லவில்லை. நான்தான் துருவிக் கேட்டேன்.

"உள்ள கால்னா ரெண்டு ரெண்டா அடிக்கும், வெளிய கால்னா ஒண்ணொண்ணா. அத்த வெச்சிதாம்பா ஓட்டிக்கினு இருந்தேன். இப்ப எல்லாம் ஒரே மாரி அடிக்குது."

"சொல்லியிருக்கலாமேண்ணா?"

"சொன்னா, மணிய வெச்சிதான் இவன் பொழைக்கிறான்னு ஆயிடும்."

பழைய மடல்களைத் தேடினேன். மூன்று வாரம் முன்பே எழுதியிருந்தார்கள்: இரண்டு வகை மணியை யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை, எடுத்துவிடுகிறோம், ஆட்சேபம் இருந்தால் எழுதவும்.

அன்றே பழைய பதிப்பைத் திரும்ப வைத்தேன். தவறு என்னுடையது என்று தேவராஜனிடம் ஒப்புக்கொண்டேன். அண்ணனைக் காப்பாற்றுவதாக நினைப்பு.

"அப்போ சத்தம் மாறினா இவரால வேலை பாக்க முடியாது. அதைத்தானே சொல்ல வரே?" என்றார் அவர். பழைய பதிப்பு எவ்வளவு நாள் தாங்கும் என்று கேட்டார். மார்ச்சோடு அதைப் பராமரிப்பதை நிறுத்துகிறார்கள் என்றேன். அப்படியானால் இவருக்கும் மார்ச் வரைதான் என்றார்.

அண்ணனிடம் சொன்னபோது திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை.

"யாரும் இல்லன்னுதானே எடுத்தாங்கோ? ஒரு ஆள் கீறான்னு எழுதுப்பா. பேரும் போடு."

பெயரும் ஊரும் போட்டு எழுதினேன். மறுநாளே பதில் வந்தது, மரியாதையாகத்தான். அவரைப் பற்றித் தெரியாமல் போனதற்கு வருந்துகிறோம். இப்போது எங்களிடம் ஆளில்லை. நீங்களே நிரல் எழுதி அனுப்பினால் சேர்த்துக்கொள்கிறோம்.

எனக்கு நிறுவத் தெரியும், எழுதத் தெரியாது. கல்லூரியில் நிரல் எழுதும் பேப்பரை மனப்பாடம் செய்து பாஸ் பண்ணியவன்.

"இன்னாபா, பதில் போட்டாங்களா?" என்றார் அண்ணன்.

"போட்டாங்கண்ணா. சேத்துக்குவாங்களாம்."

அவர் முகம் தெளிந்தது. அப்போது ஜனவரி பிறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது; மார்ச் முடிய மூன்று மாதம்கூட இல்லை.