சைக்கிள் பிடித்தவரின் துப்பாக்கி

தலைவர் அவர்களே, செத்துப்போன ஒரு மனிதரின் உடுப்பை மாற்றி, அவருடைய கையில் துப்பாக்கியும் கொடுத்தீர்கள். நீங்கள்தான் செய்தீர்கள். அச்சகத்தின் மேல் பழியைப் போட வேண்டாம்.

மற்றவர்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். நான் லண்டனில் மிச்சம் (Mitcham) என்ற பகுதியில் இருக்கிறேன். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. தலைவர் என்பவர் எங்கள் பகுதித் தமிழ் மன்றத்தின் தலைவர். செத்துப்போனவர் என் பக்கத்து வீட்டு ஐரிஷ் அம்மாவின் தகப்பன்.

அந்த அம்மாவுக்குத் தொண்ணூறு நெருங்குகிறது. வேலிக்கு மேலால் பேசித்தான் சிநேகம். நான் கறி கொடுத்தால் சட்டியைக் கழுவித் திருப்பித் தருவார். தின்றாரா என்று கேட்டால் "இன்ரஸ்ரிங்" என்பார். தகப்பனின் கதையையும் வேலியடியில்தான் சொன்னார்.

தகப்பன் இளவயதில் பிரிட்டிஷ் இராணுவத்தில் சேர்ந்து முதலாம் உலகப் போருக்குப் போனவர். அயர்லாந்தில் தன் ஊருக்குத் திரும்பி வந்து, நாட்டு விடுதலைக்காக அதே இராணுவத்தை எதிர்த்துச் சண்டை பிடித்தவர்களோடு சேர்ந்துவிட்டார். அங்கே அவருக்குக் கொடுத்த வேலை சைக்கிள் பிடிப்பது. பதுங்கித் தாக்கப் போகிறவர்கள் சைக்கிளில்தான் போவார்கள். அடித்துவிட்டு ஓட வேண்டும். ஓடும்போது சைக்கிள் சரியான பக்கம் பார்த்து நிற்க வேண்டும், சில்லில் காற்று இருக்க வேண்டும். மேலே ரோட்டில் வெடி கேட்கும்போது இவர் கீழே ஒடுங்கிய ஒழுங்கைக்குள் காற்றடிக்கும் பம்புடன் குந்தியிருப்பார். அந்தப் போரில் அவர் துப்பாக்கியால் ஒரு வெடிகூட வைக்கவில்லை.

நாடு கிடைத்தது. போராடியவர்களுக்குப் பென்சன் தருவோம், ஆதாரம் கொண்டு வாருங்கள் என்றது புதிய அரசாங்கம். பிடிபட்டால் கொன்றுவிடுவார்கள் என்று எல்லாக் கடதாசித் துண்டுகளையும் எரித்தவர்களிடம் அந்தத் துண்டுகளைக் கேட்டது. சண்டையில் உமது பங்கு என்ன என்ற கேள்விக்கு இவர், "சைக்கிள்களைப் பிடித்துக்கொண்டு நின்றேன்" என்று எழுதினார். அது போர்ச்சேவை இல்லை என்று பதில் வந்தது.

அவருடைய இயக்கத்தின் பழைய பொறுப்பாளர் வீட்டுக்கு வந்து, "இரண்டு வெடி வைத்தேன் என்று எழுது, நான் கையெழுத்து வைக்கிறேன்" என்றிருக்கிறார். இவர் மறுத்துவிட்டார். "சுட்டவர்கள் எல்லோரும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். நாளைக்கு அவர்களின் முகத்தை எப்படிப் பார்ப்பது?" என்று கேட்டாராம்.

ஊரில் வேலை இல்லை. லண்டனுக்கு வந்து, தான் விரட்டியவர்களுக்கே ரோட்டைக் கிண்டினார். பல வருடங்கள் கழித்து மறுபடி விண்ணப்பித்தார். அதே வசனம். இந்த முறை ஆகக் கீழ்த்தரத்துப் பென்சன் ஒன்றைக் கொடுத்தார்கள். எதிரியின் நாட்டில் குடியிருந்து, தான் உண்டாக்கிய நாட்டின் பென்சனை வாங்கித் தின்று செத்தார். அந்த அம்மா இதையெல்லாம் சிரித்துச் சிரித்துத்தான் சொன்னார். ஓர் இடத்தில் மட்டும் சிரிக்கவில்லை. "என் அப்பா கூட்டி எழுதவில்லை" என்றார்.

எங்கள் தலைவருக்குக் கூட்டி எழுதாமல் இருக்க ஏலாது. நாங்கள் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த காலத்தில் அகதி விண்ணப்பக் கேஸ் எழுதிக் கொடுத்தவர் இவர். சொந்தக் கதையே போதும் போதும் என்றிருந்தவர்களுக்கும் ஏதாவது சேர்ப்பார். என் கணவருக்கு ஒரு ஹெலிகொப்டரைச் சேர்த்தார். விசாரணையில் அது எந்தப் பக்கத்தால் வந்தது என்று கேட்டார்கள். காணாத ஹெலிகொப்டர் எந்தப் பக்கத்தால் வரும்? கணவரின் முதுகில் உண்மையாகவே இருந்த தழும்பை அதற்குப் பிறகு ஒருவரும் பார்க்கவில்லை. கேஸ் விழுந்தது. அதை நிமிர்த்த நாங்கள் பட்ட பாடு தனிக்கதை.

கலைவிழாவில் "அயர்லாந்து விடுதலை வீரரின் மகள்" என்று அந்த அம்மாவைக் கௌரவிக்கத் தலைவர் முடிவெடுத்தார். பழத்தட்டோடு அவருடைய வீட்டுக்கு வந்தார். மொழிபெயர்க்க என்னை இருத்தினார். ஆங்கிலம் அவருக்கும் தெரியும், ஆனால் தலைவர் என்றால் பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.

"எத்தினை பேரைச் சுட்டவராம்? கேளுங்கோ தங்கச்சி."

கேட்டேன். ஒருவரையும் இல்லை, சைக்கிள் பிடித்தவர் என்றார் அம்மா.

"அது சரி. அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகும் சைக்கிள்தான் அண்ணை."

"மேடையில ஏறி நிண்டு சைக்கிள் எண்டு சொல்லுறதே? சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். உள்ளதைச் சொல்லச் சொல்லித்தான் மனுசி கேக்குது."

"நீங்கள் யோசியாதேங்கோ. நான் வடிவா எழுதுவன்."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "வடிவா எழுதுவன் எண்டவரோ? அப்ப ஹெலி வரப்போகுது" என்றார்.

ஹெலி வரவில்லை. விழா மேடையில் துப்பாக்கி வந்தது. அம்மா கொடுத்துவிட்ட, தகப்பனின் ஒரே படம், பிரிட்டிஷ் உடுப்போடு ஸ்டூடியோக் கதிரையில் கை வைத்து நிற்கிற படம். மறைந்திருந்தவர்கள் வேறு படம் எடுப்பார்களா? விடுதலை வீரர் எதிரியின் உடுப்பில் நின்றால் சனம் குழம்பும் என்று அதைப் பச்சையாக்கி, கதிரையை எடுத்துவிட்டுத் துப்பாக்கியை வைத்திருந்தார்கள். கை கதிரையைத் தொட்டபடி விரிந்தே இருந்தது. துப்பாக்கி தன்பாட்டில் அந்தரத்தில் நின்றது. ஆளை விடப் பெரிய பதாகை. அதற்கு மாலை. முன்னால் குத்துவிளக்கு.

"இது யார்?" என்று கேட்டார் அம்மா.

தலைவர் அவருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டுப் பேசினார். முகாம்களைத் தகர்த்த தளபதி, பெயரைக் கேட்டாலே ஆங்கிலேயரை நடுங்க வைத்த மாவீரன். மண்டபம் கைதட்டியது. எதற்குத் தட்டுகிறார்கள் என்று அம்மா கேட்டார். சொன்னேன். அவர் எழும்பி மைக்கை வாங்கினார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து அடுத்த நடனத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சலங்கைச் சத்தத்துக்குள் அவருடைய குரல் முன்வரிசையைத் தாண்டவில்லை.

"என் அப்பா ஒருவரையும் சுடவில்லை. சுட்டேன் என்று எழுதச் சொன்னார்கள். அவர் எழுதவில்லை."

தலைவர் மைக்கைத் திரும்ப வாங்கினார். "தமது தந்தையார் எவருக்கும் அடிபணிய மறுத்தவர் என்று அம்மையார் கண்ணீர் மல்கக் கூறுகிறார்கள்" என்றார். அம்மாவின் கண்ணில் ஒரு சொட்டும் இல்லை. முன்வரிசையில் டொக்டர்மார் இருந்தார்கள், எக்கவுண்டன்ட்மார் இருந்தார்கள். ஆங்கிலத்திலும் கேட்டார்கள், தமிழிலும் கேட்டார்கள். இரண்டுக்கும் கைதட்டினார்கள்.

காரில் வரும்போது அம்மா பொன்னாடையைக் கழற்றி என்னிடம் தந்தார். "இதை அந்தத் தளபதியிடம் கொடுத்துவிடு. யாரென்று எனக்குத் தெரியாது."

இதோடு முடிந்திருந்தால் நான் எழுத வந்திருக்க மாட்டேன். விழா மலரின் ஆங்கிலப் பக்கத்தில் படமும் பேச்சும் வந்தன. மலரை இணையத்திலும் போட்டார்கள். அது அயர்லாந்தில் தகப்பனின் அந்தச் சின்ன ஊர் வரைக்கும் போய்விட்டது. உண்மையாகவே சுட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். உன் அப்பா எப்போது தளபதியானார், செத்தவர்களின் பெயரில் பொய் சொல்லித்தானா பென்சன் வாங்கினார் என்று அம்மாவுக்குப் போன் எடுத்துக் கேட்டிருக்கிறார்கள். பொய் சொல்ல மாட்டேன் என்று அத்தனை வருடம் பென்சனையே விட்ட மனிதர், சொந்த ஊரில் இப்போது பொய்யர்.

தலைவருக்குப் போன் எடுத்தேன்.

"பெருமைதானே தங்கச்சி சேர்த்தனான். குறைச்சே சொன்னனான்?"

"அந்த மனுசி கேட்டது பெருமையில்லை அண்ணை."

"இனி ஆர் இதைத் தோண்டப் போகினம்? விடுங்கோ."

அம்மா இப்போது முற்றத்துக்கு வருவதில்லை. போன் அடித்தாலும் எடுப்பதில்லை. ஊர்க்காரர் என்ன கேட்பார்களோ என்ற பயம். இந்த வயதில் அவர் இந்தப் பழியோடு கண்ணை மூட நான் விடமாட்டேன்.

வருகிற ஞாயிறு மன்றத்தின் பொதுக்கூட்டம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவேன். தனியே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டாம், பழத்தட்டும் வேண்டாம். மேடையில் ஏறி, தமிழிலும் ஆங்கிலத்திலும், எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள்: இந்தத் தளபதிக் கதையை உங்களுக்கு யார் சொன்னது?